நாற்றம் நின்றுபோன காலை

நாளைக் காலை உங்களில் ஒருவர் கையில் விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் ஒரு மஞ்சள் மீட்டரைக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். கிளிப் தளர்ந்திருக்கும். புடவைத் தலைப்பில் மாட்டி மாட்டி அப்படி ஆகிவிட்டது. ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறேன், அதை மட்டும் கழற்றிவிடாதீர்கள். ஒரு மூலையில் கண்ணாடி கீறியிருக்கும். அந்தக் கீறல் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மேடம் என்னை நேரில் வந்து உங்களிடம் பேசச் சொன்னார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிட்டால் பக்கத்துப் பெண்தான் எனக்காகக் கை தூக்குவாள். அதனால் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பத்தாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை எதற்காக எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தோணிரேவு ஊரைத் தாண்டி ஏரிக்கரையில் சிமெண்ட் ஊற்றி மூடிவைத்திருக்கும் கிணற்றை மறுபடி திறக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. இந்த முறை எல்லாம் பத்திரமாகச் செய்வார்களாம். மேலே வரும் சுடுதண்ணீரை வெளியே விடாமல், சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, குழாய் வழியாகவே பூமிக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அப்படிச் செய்ய முடியும் என்று மேடமும் சொல்கிறார். மேடம் சொன்னால் நான் நம்புவேன். ஆனால் குழாய் போடுகிறவர் மேடம் இல்லை.

நான் மீனவக் குடும்பம் இல்லை. அனுப்பம்பட்டில் நெல் விளைகிற பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஏரித் தண்ணீரையும் சேற்றையும் காற்றையும் பரிசோதிக்கிற குழு ஒன்று, பாட்டில் தூக்கவும் ஊர்ப் பெண்களோடு பேசவும் ஒரு பெண் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தது. பாட்டில் தூக்குவேன், பேச மாட்டேன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். குழுவை நடத்துகிற மேடம் சிரித்தார். அவருக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. இருந்தாலும் முதல் நாளிலிருந்து நான் அவருக்கு அக்கா, அவர் எனக்கு மேடம்.

சேர்ந்த புதிதில் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் தண்ணீர் எடுக்கப் போனோம். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாடை குறைந்த மாதிரி இருந்தது. சரி, போய்விட்டது என்று பாட்டிலோடு குனிந்தேன். பின்னாலிருந்து யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தேன். மேடம்தான்.

"செத்துப்போகணுமா உங்களுக்கு?" என்று கத்தினார். கம்பெனி ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதபடியே வீடு வந்தேன். இனி போகக்கூடாது என்று இருந்தேன்.

மறுநாள் மேடமே வீட்டுக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து சொன்னார். "அக்கா, அந்த வாயு கொஞ்சமா இருந்தா மூக்கு காட்டிக்கொடுக்கும். ஜாஸ்தி ஆச்சுன்னா அது முதல்ல மூக்கைத்தான் கொல்லும். அப்புறம்தான் ஆளை. நாத்தம் அடிக்கும்போது பயப்படுங்க. காரணமே இல்லாம நின்னுபோச்சுன்னா ஓடுங்க. உள்ளே யாராவது விழுந்து கிடந்தா இறங்காதீங்க. முதல்ல விழுந்தவனைத் தூக்கப் போனவன்தான் ரெண்டாவது ஆளு."

"பெத்த பிள்ளையா இருந்தாலுமா மேடம்?" என்று கேட்டேன்.

"பெத்த பிள்ளையா இருந்தா உங்களை யாராவது பிடிச்சு வைக்கணும்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு உறைக்க வருஷங்கள் ஆயின.

இனி அந்தக் கிணறு. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். ஆழமாகத் துளை போட்டால் சுடுதண்ணீர் வரும், அந்தச் சூட்டில் மீன் உலர்த்தலாம் என்றார்கள். சோதனைக்கு ஒரு உலர்த்தும் அறை கட்டினார்கள். ஊர்ப் பெண்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அதுவரை சாலையோரத்து மணலில் மீனைப் பரப்பிவிட்டு, நாயையும் காக்காயையும் விரட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். மழை வந்தால் எல்லாம் புழுத்துப்போகும். அந்த அறையில் கார்த்திகை மழையிலும் மீன் மொறுமொறுவென்று காய்ந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் கஸ்தூரி. என்னை விடச் சின்னவள். வாயாடி. நான் பேசாமலே அவள் பேச்சில் எங்கள் சிநேகம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, இந்தத் தண்ணிய மோந்து மோந்து எத்தினி நாளைக்குத்தான் பாப்பே? கீழயிருந்து அடுப்பு எரியுது, நாங்க மீன் காயப்போட்றோம். அவ்ளோதான் விசியம்" என்பாள்.

எங்கள் குழுவின் வேலை, கிணறு வந்த பிறகு ஏரியில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது. மேலே வரும் தண்ணீர் கடல்நீரை விட உப்பு, கூடவே அந்த வாயுவும் கரைந்திருக்கும். அதை ஏரியில் விடக்கூடாது. பிளாஸ்டிக் விரித்த குட்டையில் தேக்கி, பிறகு லாரியில் ஏற்றுவதாகத்தான் ஏற்பாடு.

இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஏரியின் சேறே நாறும். கோடையில் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது. கருப்புச் சேற்றிலிருந்து அதே அழுகிய முட்டை வாடை கிளம்பும். இங்கே பிறந்தவர்கள் அதற்காக மூக்கைப் பொத்துவதுகூட இல்லை. சாயங்காலம் கடல்காற்று திரும்பினால் வாடை போய்விடும். "காத்து திரும்பிச்சு" என்று சொல்லிக்கொண்டு பாயை வெளியே எடுத்துப் போடுவார்கள். நாற்றம் நின்றால் காற்று திரும்பிவிட்டது என்று அர்த்தம். அவர்கள் மூக்கு பிறந்ததிலிருந்து அப்படித்தான் படித்திருக்கிறது. ஊரில் யாருக்கும் அது பொய் சொன்னதில்லை.

கம்பெனிக்காரர்களுக்கும் இந்தச் சேறு தொல்லையாக இருந்தது. குட்டை ஓரத்தில் கம்பத்தில் ஒரு அலாரம் வைத்திருந்தார்கள். சேற்று வாடைக்கே அது கூவிவிடும். ஒருநாள் பார்த்தால் அதன் மேல் பாலித்தீன் பையைக் கட்டி வைத்திருந்தது. அங்கிருந்த சூப்பர்வைசரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அது சும்மா சும்மா கத்துதும்மா. தூங்க விட மாட்டேங்குது" என்று சிரித்தார்.

நான் மேடத்திடம் சொன்னேன். மேடம் கம்பெனிக்கு எழுதினார். சரிசெய்கிறோம் என்று பதிலும் வந்தது. பை அப்படியே இருந்தது. மேடம் மறுபடி எழுதினார். நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம், பை இருந்துகொண்டிருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்றைக்கு நடந்தது புரியாது. ஏரியில் இறால் பிடிக்க நல்ல இடங்கள் சில உண்டு. அவற்றில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உங்கள் பாடு நாளில் எல்லைக் கழிகளுக்குள் இருக்கிற ஒவ்வொரு மீனும் உங்களுடையது. அடுத்தவன் கால் வைக்க மாட்டான். அன்றைக்கு நீங்கள் போகாவிட்டால் போனது போனதுதான், மறுபடி உங்கள் முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். காய்ச்சலோடு போர்வை போர்த்திக்கொண்டு பாடு நாளில் ஏரிக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மார்கழிக் காலையில் பாடு ஏழுமலைக்கு. ஏழுமலை கஸ்தூரியின் வீட்டுக்காரர். படகில் துணை அவருடைய தம்பி தேசப்பன். அவர்கள் நைனா இறந்த பிறகு ஏழுமலைதான் தம்பியை வளர்த்தார். கல்யாணமும் செய்துவைத்தார். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

முதல் ரயிலில் பொன்னேரி வந்து, பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோவில் இறங்கும்போதே வாடை மூக்கில் ஏறியது. மார்கழியில் சேறு நாறுவது வழக்கமில்லை. மீட்டரைப் பார்த்தேன், லேசாகக் காட்டியது. குட்டை இருக்கும் பக்கம் நடந்தேன். கரையில் கூட்டமும் சிரிப்புமாக இருந்தது.

மழைநீர் வடிய கம்பெனி வெட்டிய கால்வாய் ஒன்று அங்கே ஏரியில் வந்து சேரும். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், குறுகலானது. அதற்குள்ளிருந்து பனியோடு ஆவியும் எழும்பிக்கொண்டிருந்தது. அடியில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், அது முழுக்க மீன். மடவையும் கெளுத்தியும் வயிறு மேலாக மிதந்தன. நண்டுகள் சுவரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. குளிருக்கு வெதுவெதுப்பைத் தேடி உள்ளே வந்த மீன்கள் அவை. அதெல்லாம் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. குட்டை நிரம்பி வழிகிறது, அன்றைக்குப் பெரிய மனிதர்கள் உலர்த்தும் அறையைப் பார்க்க வருகிறார்கள் என்று, விடிவதற்கு முன்னால் யாரோ மதகைத் திறந்து கிணற்றுத் தண்ணீரைக் கால்வாயில் விட்டிருந்தார்கள். ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கால்வாயின் வாய் ஏழுமலையின் எல்லைக் கழிக்குள் இருந்தது. அதனால் ஊரே கரையில் நின்று பார்த்தது, ஒருவர்கூட இறங்கவில்லை.

"ஏழுமலைக்கு அட்ச்சதுடா யோகம்."

"வலையே வேணாம், கூடை போதும். குந்திக்கினே வார்லாம்."

"மாமா, ஒரே ஒரு கூடை நண்டு நம்மளுக்கு உட்டுக் குடு மாமா."

"உன் பாடு வரும்போது வா, தர்றேன்" என்று ஏழுமலை படகிலிருந்து குரல் கொடுத்தார். அவரும் தம்பியும் படகைக் கால்வாய் வாயில் கட்டிவிட்டுக் கரையேறி வந்தார்கள். கஸ்தூரி இடுப்பில் கூடையோடு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. ஏழுமலை கால்வாய்ச் சுவரில் வெட்டியிருந்த படியில் இறங்கி, முதல் கூடையை நிரப்பி மேலே கொடுத்தார். பிறகு இன்னும் உள்ளே, மீன் அடர்த்தியாகக் கிடந்த பக்கம் நடந்தார்.

அப்போது கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "நாத்தம் போச்சு. காத்து திரும்பிச்சு போல."

ஆமாம் என்றார்கள். எனக்கும் வாடை தெரியவில்லை. படகு முனையில் கட்டியிருந்த கட்சிக் கொடியைப் பார்த்தேன். கொடி துணி காயப்போட்ட மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவி நேராக மேலே போனது. காற்றே இல்லை.

காற்று திரும்பவில்லை என்றால் நாற்றம் எங்கே போயிற்று?

கால்வாய் ஓரத்துக்குப் போனேன். மீட்டர் அலறியது. அதுவரை அது அப்படி அலறி நான் கேட்டதில்லை.

கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. மேல வாங்கண்ணா, விஷக் காத்து, மேல வாங்க என்று கத்தினேன். கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "பாட்டிலு அக்கா பேசுதுடா" என்றான் ஒருவன். கீழேயிருந்து ஏழுமலையும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, உனுக்கும் ரெண்டு நண்டு எத்துக்கினு வர்ட்டா?"

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. ஒரு மீனை எடுக்கக் குனிகிற மாதிரி மெதுவாகக் குந்தினார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. வழுக்கிவிட்டது என்றார்கள். தேசப்பன்தான் முதலில் ஓடினான். படியை நோக்கி ஓடினான். நான் அவன் குறுக்கே விழுந்து காலைக் கட்டிக்கொண்டேன்.

நான் செய்தது இதுதான். வேறு எதுவும் என்னால் முடிந்திருக்காது. அவன் என்னை உதைத்தான். மீட்டர் கல்லில் போய் விழுந்தது, கீறல் அப்போது வந்ததுதான். "வுடுடி, எங்க அண்ணன்டி" என்று அலறினான். அவன் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. அவன் நல்ல பையன், என்னை அதுவரை அக்கா என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு "புடிங்க, இவனப் புடிங்க, போனா இவனும் செத்துடுவான்" என்று கத்திக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து மூன்று நான்கு பேர் வந்து அவனைப் பிடித்தார்கள். ஏன் பிடித்தார்கள் என்று பிறகு கேட்டதற்கு, "எப்பவும் பேசாத பொம்பள அப்படிக் கத்தினா ஏதோ இருக்கும்னு தோணிச்சு" என்றார் ஒருவர்.

கஸ்தூரி கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், கீழே கிடந்த மீட்டர் கூவுவதைப் பார்த்தாள், சுவரில் ஏறிய நண்டுகள் வழியிலேயே செத்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"டேய் தேசா, எறங்காத. வலைய எட்றா. வலைய வீசி இஸ்துடு."

இது எனக்குத் தோன்றியிருக்காது. மேடத்துக்கும் தோன்றியிருக்காது என்று மேடமே சொன்னார். வீச்சு வலையின் ஓரத்தில் ஈயக் குண்டுகள் இருக்கும். மேலே விழுந்து இழுத்தால் சுருட்டிக்கொண்டு வரும். அந்த ஊரில் வீச்சு வலையில் தேசப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. யாரோ படகிலிருந்து வலையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள்.

எங்கே நின்று வீசுவது என்று அவன் என்னைப் பார்த்தான்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் மீட்டரை எடுத்து முன்னால் நீட்டிக்கொண்டு கரை மேல் நடந்தேன். ஓரிடத்தில் விட்டுவிட்டு வந்த கூவல் விடாத அலறலாக மாறியது. அங்கே நின்று காலால் மணலில் ஒரு கோடு கிழித்தேன். "இதுக்கு மேல வராதே. இங்கிருந்து வீசு" என்றேன்.

அவன் வீசினான். வலை பூ மாதிரி விரிந்தது. ஏழுமலையின் கைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்தது.

"எட்டல. ரெண்டே அடிதான்க்கா. ரெண்டு அடி முன்னால போனா விழுந்துடும்."

"வேண்டாம்."

"மூச்சடக்கிக்கினு போறேன்க்கா. முழுகி முழுகி வளந்தவன், எனுக்கு மூச்சு தாங்கும்."

அது பொய்யில்லை. அந்த ஊர் ஆண்கள் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் வலை வீசுகிறவன் மூச்சை அடக்கிக்கொண்டு வீச முடியாது. வீசும்போது நெஞ்சு திறக்கும். அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறக்கும். இதையெல்லாம் அப்போது நான் இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. கோட்டைத் தாண்டக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். கோட்டின் மேல் நானே நின்றுகொண்டேன்.

"என்னைத் தள்ளிட்டுத்தான் போகணும்" என்றேன்.

அவன் கை கூப்பினான். ஆண்பிள்ளை, அத்தனை பேர் முன்னால், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினான். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கஸ்தூரி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கூடையை இன்னும் இடுப்பில் வைத்திருந்தாள்.

பெரிய வலை ஒன்றைக் கொண்டுவர இரண்டு பேர் ஊருக்குள் ஓடினார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நாங்கள் எல்லாரும் ஏழுமலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தேசப்பன் சின்ன வலையை மறுபடி மறுபடி வீசிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இந்தப் பக்கம். பெரிய வலை வந்தது. விழுந்தது. இழுத்தார்கள். மீனும் நண்டும் சேறுமாக, அவற்றின் நடுவே ஏழுமலை வந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் தூக்கிவந்த பிறகுதான் தொட விட்டேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அன்று நான் விட்டிருந்தால் தேசப்பன் மட்டும் இறங்கியிருக்க மாட்டான். அவனுக்குப் பின்னால் ஊர் முழுக்க இறங்கியிருக்கும். பாடு என்கிற கட்டுப்பாடு இருந்ததால் முதலில் ஒருவர் மட்டும் உள்ளே இருந்தார். அந்த முறை அவரை உள்ளே அனுப்பியது, மற்றவர்களைக் கரையில் நிறுத்தியது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் கம்பெனி, அலாரம் வேலை செய்துகொண்டிருந்தது என்றது. அவர்கள் வரும்போது பை இல்லை. நான் பையைப் பற்றிச் சொன்னேன். மேடம் எழுதிய கடிதங்களைக் காட்டினார். மதகைத் திறந்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. கிணற்றில் சிமெண்ட் ஊற்றினார்கள். உலர்த்தும் அறையைப் பூட்டினார்கள். பெண்கள் பழையபடி சாலையோரத்து மணலுக்கு வந்தார்கள். கஸ்தூரியும் வந்தாள். சில மாதங்கள் அந்த ஊர் மீன் என்றாலே வியாபாரிகள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருநாள் மேடத்திடம் கேட்டேன். "ரெண்டு அடி விட்டிருந்தா பிழைச்சிருப்பாரா மேடம்?"

மேடத்துக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

"தெரியாது அக்கா" என்றார். "விழுந்தவுடனே போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். தேசப்பன் அந்த ரெண்டு அடியிலே விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

வேறு யாராக இருந்தாலும் நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன் என்றால் அவர் அப்படிச் சொல்லாததால்தான்.

தேசப்பனுக்குத் தெரியும். இரண்டு அடியில் அண்ணன் பிழைத்திருப்பார் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. நான் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் படகு தர மாட்டான். டீக்கடையில் நான் இருந்தால் எழுந்து போய்விடுவான். அண்ணன் பிள்ளைகளையும் சேர்த்து அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கஸ்தூரி பேசுவாள். மீன் காயவைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவன் அப்டித்தான் இருப்பான். நீ வந்துகினு இரு" என்பாள். முன்பு போல வாயாடுவதில்லை. வா என்கிறாளே, அது போதும் என்று போய்வந்தேன்.

முழங்காலும் இருமலும் சேர்ந்து என்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டன. கடைசியாகத் தண்ணீர் எடுத்த நாளில் அந்தக் கால்வாய் வாய்க்குப் போனேன். கிணறு மூடியதிலிருந்து அங்கே மீட்டர் எதையும் காட்டியதில்லை. ஆனாலும் போகிற ஒவ்வொரு முறையும் கரையில் நின்று காற்றைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். அன்றைக்கு அந்தப் பாடு தேசப்பனுக்கு. அண்ணனுடைய முறை இப்போது அவனிடம். படகு எல்லைக் கழிக்கு வெளியே நின்றது. வலை தயாராக மடிந்து கிடந்தது. தண்ணீர் இறங்கும் நேரம், மற்றப் படகுகளில் எல்லாம் வேலை ஆரம்பித்துவிட்டது. அவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. நான் மீட்டரை நீட்டிக்கொண்டு கரையோரம் நடந்து, கால்வாய் வரை போய்த் திரும்பினேன். ஒன்றும் இல்லை. பழக்கத்தில் சரி என்று தலையை ஆட்டினேன். எனக்கு நானே ஆட்டிக்கொள்வது அது.

அவன் எழுந்து கழியை ஊன்றினான். படகு உள்ளே வந்தது.

என் முகத்தை அவன் பார்க்கவில்லை. கடைசிவரை பார்க்கவில்லை. பிறகு கஸ்தூரியிடம் கேட்டேன். "எப்பவும் அப்டித்தான்" என்றாள். "நீ வர்ற நாளும் அவன் பாடும் ஒண்ணா வந்தா, நீ தலைய ஆட்டாம அவன் எறங்க மாட்டான்."

இனி அவன் பார்க்கப்போவது உங்கள் தலையை. கிணற்றைத் திறந்தால் மீட்டர் மறுபடி கூவும். சேற்றுக்கும் கூவும், சும்மாவும் கூவும், உங்களுக்கு அலுத்துப்போகும். அவனிடம் பேச முயற்சி செய்யாதீர்கள். என்னைப் பற்றிச் சொல்லவும் வேண்டாம். கால்வாய் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு தலையை ஆட்டுங்கள்.